காலிப்பரை வீட்டிலேயே பிரித்துச் சீர்செய்யலாமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பிரேக் பேட் மாற்றுவது பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பேடுக்குப் பின்னால் இருந்து, அதைச் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டின் மேல் அழுத்தும் காலிப்பரைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டு மாருதி ஜென். சில மாதங்களாக வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் இடது முன்சக்கரத்தின் அருகே கை கொண்டுபோக முடியாத சூடு. காலிப்பரையே புதிதாக மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். கடையில் காலிப்பருக்கான ரப்பர் கிட் தனியாகக் கிடைக்கிறது. அதை வாங்கி வீட்டில் நானே மாற்றலாமா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: மாற்றலாம். ஸ்பேனர் பிடித்துப் பழகியவராகவும், அவசரப்படாதவராகவும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியக்கூடிய வேலைதான். ஆனால் கிட் வாங்குவதற்கு முன்பு, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். காலிப்பரில் குற்றமே இல்லாமல் அதைப் பிரித்துப்போட்டு, மீண்டும் மாட்டிய பிறகும் அதே சூட்டைக் காண்பவர்கள் நிறையப் பேர்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டின் மேல் இறக்கி வையுங்கள். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்தும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். அவை முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் உடையக்கூடியவை. கியரை நியூட்ரலில் வைத்து, ஒருவரைப் பிரேக்கை மிதித்து விடச் சொல்லிவிட்டு, இடது சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்ற மறுத்தால் காலிப்பரின் தலையில் இருக்கும், காற்றை வெளியேற்றுவதற்கான சிறு திருகான பிளீடர் நிப்பிளைக் கால் சுற்று திறந்துவிடுங்கள். அந்த நொடியிலேயே சில சொட்டுப் பிரேக் திரவம் பீறிட்டு வந்து சக்கரம் விடுபட்டுவிட்டால், உள்ளே அழுத்தம் சிறைப்பட்டிருந்தது என்று பொருள். அப்போது குற்றவாளி பெரும்பாலும் காலிப்பருக்குத் திரவம் கொண்டுவரும் ரப்பர் குழாயான ஹோஸ் பைப். அதன் உட்சுவர் ஊறி வீங்கிவிட்டால், காலால் மிதிக்கும் பலத்த அழுத்தம் அதன் வழியே போய்விடும். திரும்பி வரவேண்டிய மெல்லிய அழுத்தம் வராது. வெளியே இருந்து பார்த்தால் பைப் புத்தம்புதியதுபோல இருக்கும். நிப்பிளைத் திறந்த பிறகும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால்தான் பிஸ்டனோ, காலிப்பர் வழுக்கிச் செல்லும் கைடு பின்களோ இறுகியிருக்கின்றன என்று முடிவுசெய்யலாம்.

இழுக்கும் திசையையும் கவனியுங்கள். பிரேக்கைத் தொடாமல் ஓடும்போதே வண்டி இடப்பக்கம் இழுத்தால் இடது காலிப்பர் விடாமல் பிடிக்கிறது. சும்மா ஓடும்போது நேராகச் சென்று, பிரேக் போடும்போது மட்டும் இடப்பக்கம் இழுத்தால், பெரும்பாலும் வலது காலிப்பர் பிடிக்க மறுக்கிறது. இந்த வேறுபாட்டைக் கேட்டறியாமல் சூடான பக்கத்தை மட்டும் பிரிப்பவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள்.

பேடுகளும் சாட்சி சொல்லும். உங்கள் வண்டியில் இருப்பது ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர். பிஸ்டன் உட்புறப் பேடைத் தள்ள, அந்த எதிர்விசையில் காலிப்பரின் உடல் பின்களின் மேல் நகர்ந்து வெளிப்புறப் பேடை இழுத்து டிஸ்க்கில் அழுத்துகிறது. ஆகவே உட்புறப் பேட் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் பின்களில் சந்தேகம் கொள்ளுங்கள். பின்கள் மட்டும் இறுகியிருந்தால் பிஸ்டனைத் தொடவே வேண்டியதில்லை. பின்களை வெளியே இழுத்து, துருவைத் துடைத்து, அவற்றின் ரப்பர் உறைகளை மாற்றி, காலிப்பர் பின்களுக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸைத் தடவினால் போதும். சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸை அங்கே தடவினால் ரப்பர் உறை ஊதிப்போய், சில மாதங்களில் பின் முன்னைவிட இறுக்கமாகிவிடும். மேல்பின்னும் கீழ்ப்பின்னும் பல வண்டிகளில் ஒன்றுபோல இருக்காது என்பதால், கழற்றும்போதே அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டன்தான் இறுகியிருக்கிறது என்றால் அதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். டிரம் பிரேக்கில் ஷூக்களைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது. டிஸ்க் பிரேக்கில் அப்படி எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றி, காலிப்பரின் உட்சுவரில் வெட்டிய பள்ளத்தில் ஒரு சதுர வெட்டுள்ள ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கிறது. திரவம் கசியாமல் தடுப்பது அதன் ஒரு வேலை. பிரேக்கை மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து சற்றே சாய்ந்து, காலை எடுத்ததும் நிமிர்ந்து, பிஸ்டனைத் தன்னோடு பின்னுக்கு இழுத்துக்கொள்வது அதன் இரண்டாவது வேலை. அந்தப் பின்வாங்கல் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பேடுகள் டிஸ்க்கை உரசாமல் இருப்பது அந்த நூலளவு இடைவெளியால்தான். வருடக்கணக்கில் மாற்றாத திரவத்தில் ஈரம் சேர்ந்து, அந்தப் பள்ளத்துக்குள் துருவும் படிவும் ஏறும்போது, வளையம் பின்னாலிருந்து தள்ளப்பட்டுப் பிஸ்டனை நெரிக்கத் தொடங்குகிறது. அத்துடன் சாய்ந்து நிமிர்வதற்கான இடமும் அதற்கு இல்லாமற்போகிறது. உங்கள் ஊரில் உப்புக்காற்று வேறு வீசுவதால், வெளிப்புறத் தூசியுறை கிழிந்திருந்தால் துரு வெளியிலிருந்தும் ஏறும்.

நான் இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிட்டில் வரும் புது வளையத்தை, சுத்தம் செய்யாத பழைய பள்ளத்தில் போடுவதுதான் இந்த வேலையில் மிக அதிகமாக நடக்கும் பிழை. வேலை முடிந்த அன்று வண்டி நன்றாக ஓடும். ஒரு மாதத்தில் சூடு திரும்பிவிடும். ரப்பர் கிட் தரமில்லை என்று கடைக்காரரைக் குறைசொல்வோம். பள்ளத்தின் இரண்டு மூலைகளும் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை சுத்தமாக வேண்டும். அதற்கு ஸ்க்ரூ டிரைவரைப் பயன்படுத்தினால் விளிம்பில் கீறல் விழும். சீவிய மூங்கில் குச்சியைப் பிரேக் திரவத்தில் நனைத்துப் பொறுமையாகச் சுரண்டுவதே என் வழக்கம். காலிப்பரைச் சீர்செய்ய ஆகும் நேரத்தில் பாதியை இந்த ஒரு பள்ளத்துக்குக் கொடுத்தாலும் தகும்.

கேள்வி: வீட்டில் கம்ப்ரசர் இல்லை. பிஸ்டனை எப்படி வெளியே எடுப்பது? பக்கத்தில் பஞ்சர் கடை இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காற்றடித்து எடுக்கலாமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: வேண்டாம். பஞ்சர் கடைக் காற்று 100 பிஎஸ்ஐ அளவில் இருந்தால், 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் மேல் அது சுமார் 140 கிலோ எடைக்கு நிகரான விசையைச் செலுத்தும். இறுகியிருக்கும் பிஸ்டன் அசையாமல் இருந்து, பிறகு ஒரே நொடியில் தெறித்து வரும். அந்த வழியில் விரல் இருந்தால் அது நசுங்கும். பயிற்சி உள்ளவர்கள் மிகக் குறைந்த காற்றோடு, எதிரே மரக்கட்டை வைத்து எடுக்கிறார்கள். பழக்கமில்லாதவர் அதைச் செய்ய வேண்டியதில்லை.

உங்கள் வண்டியிலேயே அதைவிட நல்ல கருவி இருக்கிறது: பிரேக் பெடல். காலிப்பரைத் தாங்கியிலிருந்து கழற்றுங்கள். ஆனால் ஹோஸ் பைப்பைக் கழற்ற வேண்டாம். பேடுகளை எடுத்துவிட்டு, காலிப்பரை ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். அதன் எடை ஹோஸ் பைப்பில் தொங்கக் கூடாது. பிஸ்டனுக்கு எதிரே சன்னமான மரத்துண்டு ஒன்றை வைத்து, அடியில் அகலமான தட்டை வைத்துவிட்டு, ஒருவரை மெல்ல மெல்லப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். காற்று அமுங்கித் தெறிக்கும், திரவம் அமுங்குவதில்லை. ஆகவே பிஸ்டன் மிதிக்கு மிதி அடங்கி வெளியே வரும். கையால் பிடுங்கும் அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். இரண்டு பக்கமும் செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரு பிஸ்டனை முழுவதும் வெளியே எடுப்பதற்கு முன் மற்றதையும் அதே நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஒன்று வெளியே வந்துவிட்டால் பெடலில் முன்போல அழுத்தம் ஏறாது.

இந்த வேலையின்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, அது தரைவரை போகாதபடி தடுத்துவிடுங்கள். பழைய வண்டிகளில், பெடலின் மிதியைத் திரவ அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் கப் தினமும் ஓடும் தூரம் மட்டுமே வழவழப்பாக இருக்கும். அதற்கு அப்பால் படிவும் துருவும் இருக்கலாம். பெடலைத் தரைவரை மிதித்தால் அந்தக் கப் சொரசொரப்பான பகுதியில் போய்க் கிழியும். காலிப்பரைச் சீர்செய்யப் போய் மாஸ்டர் சிலிண்டரையும் கெடுத்துக்கொள்வது இப்படித்தான் நடக்கிறது.

பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள வண்டிகளில், கைப்பிரேக் பொறியும் அதே காலிப்பருக்குள் இருக்குமானால், பிஸ்டன் திருகில் ஏறியிருக்கும். அதைச் சுற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளே இருக்கும் பொறி உடையும். அத்தகைய காலிப்பரை முதல் முயற்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பிரித்த பாகங்களையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, கொஞ்சம் இன்ஜின் ஆயில் தடவி மாட்டினேன். இரண்டு வாரத்தில் பிரேக் மொத்தமாக இறுகிவிட்டது. புது ரப்பர்தானே போட்டேன்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது உண்மையாகவே வருந்தினேன். நீங்கள் அக்கறையோடு செய்த சுத்தமே ரப்பரைக் கெடுத்திருக்கிறது. இதில் உங்கள் மீது மட்டும் குற்றம் இல்லை. நாம் எல்லோரும் அதைப் ‘பிரேக் ஆயில்’ என்று அழைக்கும் பழக்கத்தில் பாதிக் குற்றம் இருக்கிறது. அது ஆயிலே அல்ல. பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம். தண்ணீரோடு கலக்கும், பெட்ரோலிய எண்ணெயோடு அதற்கு உறவே கிடையாது. அந்தத் திரவத்தில் வருடக்கணக்கில் ஊறினாலும் கெடாத ஈபிடிஎம் என்ற ரப்பரில்தான் சீல்களை, அதாவது கசிவைத் தடுக்கும் வளையங்களை, செய்கிறார்கள். அதே ரப்பர் மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல், இன்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் ஆகியவற்றில் எதைத் தொட்டாலும் அதை உறிஞ்சி ஊதிப்போகும். ஊதிய வளையம் பிஸ்டனை விடாது.

இப்போது செய்ய வேண்டியது செலவு பிடித்த வேலைதான். மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே இருக்கும் திரவத் தொட்டியின் மூடியைத் திறந்து, அதன் உட்புற ரப்பரைப் பாருங்கள். அது நெளிந்து, பெரிதாகி, மூடிக்குள் ஒழுங்காக உட்காராமல் இருந்தால் எண்ணெய் அங்கு வரை ஏறிவிட்டது. அப்படியானால் மாஸ்டர் சிலிண்டர் கப்புகள், நான்கு சக்கரங்களின் சீல்கள், ஹோஸ் பைப்புகள் என்று திரவம் தொடும் ரப்பர் அனைத்தையும் மாற்றி, இரும்புக் குழாய்களைப் புதுத் திரவத்தால் கழுவியெடுக்க வேண்டும். தொட்டியின் ரப்பர் நன்றாக இருந்தாலும், நீங்கள் பிரித்த காலிப்பர்களின் சீல்களையும் அவற்றோடு இணைந்த ஹோஸ் பைப்புகளையும் மாற்றியே ஆக வேண்டும். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.

இனிமேல் காலிப்பரின் வெளிப்புற அழுக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவி நன்றாக உலர்த்துங்கள். உட்புறத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால், பிரேக் கிளீனர் ஸ்பிரே, அல்லது புதுப் பிரேக் திரவம், இந்த மூன்றில் ஒன்றால் மட்டும் துடையுங்கள். கையில் முன்பே கிரீஸ் இருந்தால் கழுவிவிட்டு வாருங்கள். துடைக்கும் பனியன் துணியும் எண்ணெய் படாத புதியதாக இருக்கட்டும். புதுச் சீலையும் பிஸ்டனையும் புதுத் திரவத்தில் நனைத்தே மாட்ட வேண்டும். அப்படி நனைத்த பிஸ்டன் நேராக நின்றால் கட்டைவிரல்களின் அழுத்தத்திலேயே உள்ளே இறங்கும். அதற்கு மேல் பலம் தேவைப்பட்டால் சுத்தியலைத் தேட வேண்டாம். வெளியே எடுத்துப் பள்ளத்தை மறுபடி பாருங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேடிலிருந்து உதிர்ந்த கரும்பொடியை வாயால் ஊதவோ, காற்றடித்துப் பறக்கவிடவோ கூடாது. பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அந்தப் பொடி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள்.

கேள்வி: பிஸ்டனின் பக்கவாட்டில் சிறு சிறு குழிகள் தெரிகின்றன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதுமா, அல்லது லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்கிக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: குழி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காலிப்பரில் சீல் பள்ளத்திலேயே நிற்கிறது. அதன் மேல் ஓடுவது பிஸ்டனின் பக்கவாட்டு மேற்பரப்பு. ஆகவே கசிவைத் தடுப்பது காலிப்பரின் உட்சுவர் அல்ல, பிஸ்டனின் அந்த வழவழப்புதான். உட்சுவரில் லேசான கறை இருந்தால் துடைத்துவிட்டுப் போகலாம். பிஸ்டனில் சீல் படும் பகுதியில் நகத்தால் தடவும்போது நகம் தடைபடும் அளவுக்குக் குழி இருந்தால், அந்தப் பிஸ்டன் முடிந்தது. வெளிவிளிம்பில், பேடை ஒட்டிய ஓரத்தில், தூசியுறைக்கு வெளியே இருக்கும் துருவைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

எஃகுப் பிஸ்டனின் மேல் இருப்பது மெல்லிய குரோம் பூச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் குழி போகாது, பூச்சுதான் போகும். பூச்சு போன இடத்தில் சில வாரங்களிலேயே துரு பிடிக்கும், அந்தத் துரு புதுச் சீலை அரத்தைப்போல ராவும். லேத்தில் கடைவதைப் பொறுத்தவரை, உங்கள் ஊரின் கடைசல் வேலையின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. அளவு துல்லியமாக வரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அளவோடு மேற்பரப்பின் மென்மையும், பூச்சின் கடினமும், விளிம்பின் சரிவும் சேர்ந்து அமைய வேண்டும். பலமாக மிதிக்கும்போது குழாயில் 70 பார் அழுத்தம் வந்தால் 50 மில்லிமீட்டர் பிஸ்டனின் மேல் சுமார் 1400 கிலோ எடைக்கு நிகரான விசை விழுகிறது. அதைத் தாங்கும் பாகத்தைக் கண்ணளவில் ஏற்றுக்கொள்ள நான் துணியமாட்டேன். வண்டிக்குரிய புதுப் பிஸ்டன் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் முழுக் காலிப்பரையும் மாற்றுங்கள். இப்படிப்பட்ட நிலையில் பட்டறைக்காரர் முழுக் காலிப்பரை மாற்றச் சொன்னால் அவர் சொல்வதே சரி.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய மொரிஸ் மைனர். அதில் டிஸ்க்கும் இல்லை, காலிப்பரும் இல்லை. இந்த ஆலோசனைகள் எனக்கும் பொருந்துமா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: சுத்தம் பற்றிச் சொன்னவை அப்படியே பொருந்தும். ஆனால் ஒன்று தலைகீழாக மாறுகிறது. உங்கள் வண்டியில் டிரம்முக்குள் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரில் ரப்பர் கப் பிஸ்டனோடு சேர்ந்து ஓடுகிறது. ஆகவே கசிவைத் தடுப்பது சிலிண்டரின் உட்சுவர். அங்கே குழி விழுந்திருந்தால் புதுக் கப் போட்டுப் பயனில்லை. மிக லேசான கறையை மட்டும் ஹோனிங் செய்து, அதாவது நுண்ணிய சாணைக்கல்லால் தேய்த்து, எடுக்கலாம். குழியைத் தேடிக்கொண்டே உட்சுவரை அகலப்படுத்திவிடக் கூடாது. முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர்கள் இருப்பதால் முன்பக்கத்துக்கு மட்டும் நான்கு கப் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் இருப்பதால் கார்ப்பெட்டைத் தூக்கி அங்கே ஈரம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: டாட் 3, டாட் 4, டாட் 5 என்று பிரேக் திரவக் குப்பிகளில் இருக்கிறதே, எண் பெரிதாக இருப்பது நல்லதா?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: இல்லை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் குடும்பத்தைச் சேர்ந்தவை. டாட் 5 மட்டும் சிலிகான்; அதை இவற்றோடு கலக்கக் கூடாது. உங்கள் வண்டியின் தொட்டி மூடியில் அச்சிட்டிருப்பதையே வாங்குங்கள். புதுத் திரவத்தின் கொதிநிலை டாட் 3க்குக் குறைந்தது 205 டிகிரி, டாட் 4க்கு 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பிறகு அவை முறையே 140, 155 என்ற அளவுக்கு இறங்கிவிடலாம். ஏற்காடு, கொல்லிமலை போன்ற இறக்கங்களில் திரவம் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். திறந்து பல மாதங்களான குப்பியில் மீதி இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். பெயின்ட்டில் சிந்தினால் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். குழந்தைகள் எட்டும் இடத்தில் குப்பியை வைக்காதீர்கள்; அது நஞ்சு.

கேள்வி: இரண்டு காலிப்பர்களையும் சீர்செய்து மாட்டிவிட்டேன். மூன்று முறை ஏர் எடுத்தும் (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றியும்) பெடல் மெத்தென்றே இருக்கிறது. எங்கே தவறு?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் பிளீடர் நிப்பிள் காலிப்பரின் மேல்முனையில் இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் இடது காலிப்பர் வலப்பக்கமும், வலது இடப்பக்கமும் சிரமமில்லாமல் பொருந்திவிடும். அப்படி மாறிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று எப்போதும் மேலே ஏறித் தங்குவதால், கீழே இருக்கும் நிப்பிள் வழியே எத்தனை முறை எடுத்தாலும் திரவம்தான் வரும், காற்று வராது. இருபது ஆண்டுகளுக்கு முன் என் சொந்த வண்டியில் இதே பிழையைச் செய்து, ஒரு பகல் முழுவதையும் ஒன்றரை லிட்டர் திரவத்தையும் இழந்திருக்கிறேன். அதன் பிறகு காலிப்பரைக் கழற்றும்போதே ஒவ்வொன்றிலும் பெயின்ட்டால் இடம், வலம் என்று எழுதிவைக்கிறேன்.

அது சரியாக இருந்தால், ஹோஸ் பைப் சேரும் இடத்தில் போல்ட்டின் இரு பக்கமும் இருக்கும் செப்பு வாஷர்களைப் பாருங்கள். அவை ஒருமுறை நசுங்கி அடைத்துக்கொள்பவை. பழையதையே போட்டால் அங்கே கசியும். பிறகு ஏர் எடுக்கும் முறை. நிப்பிளில் தெளிவான டியூபைச் செருகி, அதன் மறுமுனையைச் சிறிது திரவம் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கவைத்து, உள்ளே இருப்பவர் மெதுவாக மிதித்துப் பிடித்திருக்கும்போது நிப்பிளைத் திறந்து, அவர் காலை எடுப்பதற்கு முன்பே மூட வேண்டும். மூடுவதற்குள் அவர் காலை எடுத்துவிட்டால் நிப்பிளின் மரை வழியே காற்றை நாமே உள்ளே இழுத்துக்கொள்கிறோம். இருவருக்கும் இடையே ‘மிதி’, ‘பிடி’, ‘விடு’ என்ற மூன்று சொற்கள் போதும். சொல்லாமல் யாரும் எதையும் செய்யக் கூடாது. தொட்டியில் திரவம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் தொட்டி வற்றிக் காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் போய்விட்டால், சில வண்டிகளில் அதை வெளியேற்றக் கணினிக் கருவி வேண்டியிருக்கும். அந்தக் கட்டத்தில் வண்டியை இழுத்துக்கொண்டாவது சர்வீஸ் நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் எங்கள் காரின் முன்பக்கக் காலிப்பர்களைத் தானே பிரித்து மாட்டியிருக்கிறான். நன்றாகச் செய்திருக்கிறேன் என்கிறான். அந்த வண்டியில்தான் என் இளைய மகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வண்டியை எடுப்பதற்கு முன் நான் எதையெதைப் பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: அம்மா, உங்கள் கேள்வி மிகவும் நியாயமானது. இதற்கு இயந்திர அறிவு எதுவும் தேவையில்லை, நீங்களே பார்த்துவிடலாம்.

இன்ஜினை முடுக்குவதற்கு முன்பே பிரேக்கைப் பலமுறை மிதியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளி வைத்திருப்பதால் முதல் சில மிதிகளில் பெடல் தரைக்கே போகும். இதை அறியாமல் வேலை முடிந்த களிப்பில் வண்டியை நகர்த்தி, சுவரில் மோதியவர்கள் இருக்கிறார்கள். பெடல் கெட்டியாக நின்ற பிறகு, இன்ஜினை ஓடவிட்டு, ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடித்திருங்கள். இன்ஜின் ஓடத் தொடங்கும்போது பெடல் சிறிது இறங்குவது இயல்பு. அதன் பிறகு கால் மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டே இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். முன்சக்கரங்களின் உட்பக்கத்தில் பழைய செய்தித்தாளை விரித்து ஓர் இரவு விட்டுவைத்து, காலையில் ஈரக்கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு போக்குவரத்து இல்லாத சாலையில், உங்கள் மகனே ஓட்ட, முதலில் நடைவேகத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சரியாக நின்றால், 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை படிப்படியாகக் குறைப்பதைப் பத்து முறை, இடையில் சற்று ஓடவிட்டு ஆறவைத்துச் செய்யச் சொல்லுங்கள். புதுப் பேடுகள் டிஸ்க்கோடு பொருந்துவதற்கு இது வேண்டும். அது முடிந்ததும் சூடாக இருக்கும்போது பிரேக்கை மிதித்தபடி வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது. வண்டி நன்றாக ஆறிய பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி வந்து, இரண்டு முன்சக்கரங்களின் அருகிலும் தொடாமல் கையைக் காட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே வெதுவெதுப்பு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் இன்னும் விடவில்லை.

மகனிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: காலிப்பரையும் அதன் தாங்கியையும் பிடிக்கும் போல்ட்டுகளை எந்த அளவுக்கு முறுக்கினாய்? சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் எண்ணைச் சொல்லி, டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கொண்டு முறுக்கினேன் என்றால் கவலை வேண்டாம். கைப்பழக்கத்தில் முறுக்கினேன் என்றால், அந்தக் கருவியை இரவல் வாங்கியாவது மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளையும், தொட்டியில் திரவத்தின் மட்டத்தையும் அவனே இன்னொருமுறை பார்க்கட்டும். மட்டம் குறைந்திருந்தால் திரவத்தை ஊற்றி நிரப்புவதற்கு முன், எங்கே போனது என்று தேட வேண்டும்.